அரிசியில் இனிப்பு ஏது? சாக்கே ஆலைக்குள் நுழையும் முன்

ஜப்பானின் கோபே நகரத்தில், ரொக்கோ மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு நிலப்பட்டையில் ஹான்ஷின் ரயில் ஓடுகிறது. சுமியோஷி, உவோசாக்கி, ஒயிஷி என்று அடுத்தடுத்துச் சின்ன நிலையங்கள். எதில் இறங்கிக் கடல் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஜப்பானின் அரிசி மதுவான சாக்கே தயாராகும் ஏதாவது ஓர் ஆலையின் மதில் வந்துவிடும். இந்தப் பகுதிக்கு நடா என்று பெயர். பக்கத்து ஊரான நிஷினோமியா வரை நீளும் ஐந்து பழைய ஊர்களைச் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. ஜப்பானில் மிக அதிகமாகச் சாக்கே தயாராகும் மாகாணம் ஹியோகோ. அதில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

இங்குள்ள பழைய ஆலைகள் சில இன்று அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: "பெரிய பெரிய மரத்தொட்டி இருந்தது, ஆளுயரப் பொம்மைகள் இருந்தன, கடைசியில் ஒரு குட்டிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாக்கே தயாரிப்பில் முக்கியமான வேலை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதைச் செய்வது கிருமிகள். ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அந்தத் தொட்டிகளும் துடுப்புகளும் ஏன் அங்கே இருக்கின்றன என்பது தானாகவே புரியும். கேள்வி இதுதான்: அரிசியில் இனிப்பு ஏது?

எந்த மதுவானாலும் போதையை உண்டாக்குவது ஈஸ்ட். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே தள்ளும். திராட்சையில் சர்க்கரை இருக்கிறது. நசுக்கி வைத்தால் போதும். பனஞ்சாற்றிலும் இருக்கிறது, அதனால்தான் மரத்தில் கட்டிய கலயத்திலேயே அது கள்ளாகத் தொடங்கிவிடுகிறது. பதநீராகவே வேண்டுமென்றால் சுண்ணாம்பு தடவித் தடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டுக்கு அதைத் தின்னத் தெரியாது. யாராவது அதை உடைத்துச் சர்க்கரையாக்கிக் கொடுக்க வேண்டும்.

பீரில் அந்த வேலையை முளைகட்டிய பார்லி செய்கிறது. ஜப்பானியர்கள் பிடித்த வழி வேறு. வெந்த அரிசியில் ஒரு பூஞ்சையை வளர்க்கிறார்கள். அப்படிப் பூஞ்சை படர்ந்த அரிசிக்குக் கோஜி என்று பெயர். பூஞ்சை விடும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். சோயா சாஸுக்கும் மிசோ என்ற சோயா விழுதுக்கும் அடிப்படை இதே பூஞ்சைதான். 2006இல் ஜப்பானின் மதுத் தயாரிப்புச் சங்கம் இதற்குத் 'தேசியப் பூஞ்சை' என்றே பட்டம் கொடுத்தது. தேசியப் பறவை, தேசிய மலர் கேள்விப்பட்டிருக்கிறோம். பூஞ்சைக்குப் பட்டம் கொடுக்கவும் ஒரு மனது வேண்டும்.

இன்னொரு சங்கதி. மது என்றாலே தமிழில் 'காய்ச்சுவது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். சாக்கே அப்படிக் காய்ச்சி வடிப்பதில்லை; புளிக்க வைப்பது. 'சாக்கே' என்ற சொல்லுக்கே ஜப்பானில் பொதுவாக மது என்றுதான் பொருள். இந்த அரிசி மதுவைக் குறிப்பாகச் சொல்ல 'நிஹோன்ஷு' என்பார்கள், அதாவது ஜப்பான் மது.

சரி, உள்ளே போகலாம்.

வாசலில் ஒரு பந்து

ஆலை வாசலில் கூரைக்குக் கீழே பெரிய பந்து ஒன்று தொங்கும். தேவதாரு வகை மரம் ஒன்றின் இலைக்கொத்துகளைச் செருகி, உருண்டையாகக் கத்தரித்தது. பெயர் சுகிதாமா. புதுச் சாக்கே பிழிந்த சமயத்தில் பச்சைப் பசேலென்று மாட்டுவார்கள். மாதங்கள் போகப்போக இலை காய்ந்து பழுப்பாகும்; உள்ளே தொட்டியில் சாக்கேயும் முதிர்ந்துகொண்டிருக்கும். தெருவில் போகிறவர் பந்தின் நிறத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது புதுசா, பழசா என்று சொல்லிவிடலாம். நாரா பகுதியிலுள்ள ஓமிவா கோயில் மதுவின் தெய்வத்துக்குரியது. இந்த வழக்கம் அங்கிருந்து வந்தது. ஒவ்வொரு நவம்பர் 14ஆம் தேதியும் அங்கே ஆலைக்காரர்கள் கூடி, இந்த வருடத் தயாரிப்பு நல்லபடியாக அமைய வேண்டிக்கொள்கிறார்கள்.

நடாவில் முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஹாகுட்சுரு அருங்காட்சியகம். 1743இல் தொடங்கிய ஆலை அது. பெயருக்கு வெள்ளைக் கொக்கு என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய பழைய ஆலைக் கட்டடத்தை 1982இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அரிசி கழுவுவதிலிருந்து பீப்பாய்க்கு வைக்கோல் சுற்றுவது வரை ஒவ்வொரு வேலையையும் ஆளுயரப் பொம்மைகள் செய்துகொண்டிருக்கும். கூட்டமாக வந்து வேகவேகமாகப் படமெடுத்துப் போகிறவர்களை முன்னே போக விட்டுவிடுங்கள்.

கட்டடத்தையே கொஞ்சம் பார்க்க வேண்டும். நடாவின் பழைய ஆலைகள் கிழக்கு மேற்காக நீண்ட இரண்டு கட்டடங்களை ஒட்டி ஒட்டிக் கட்டியவை. வடக்கே இருப்பது உயரமானது. அதன் ஜன்னல்கள் மலையைப் பார்த்திருக்கும். குளிர்காலத்தில் ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று நேராக அதற்குள் நுழையும். தெற்கே இருக்கும் கட்டடம் வெயிலைத் தடுத்து நிற்கும். குளிர்சாதனம் இல்லாத காலத்தின் குளிர்சாதனம் அது. ஏன் இவ்வளவு குளிர் வேண்டும்? வெப்பத்தில் வேண்டாத கிருமிகள் எல்லாம் கிளம்பிவிடும், ஈஸ்டும் அவசரப்படும். 1673இல், அன்று ஜப்பானை ஆண்ட ஷோகன் அரசு குளிர்காலம் தவிர மற்ற நாட்களில் சாக்கே தயாரிக்கத் தடையே போட்டது. அரிசி வீணாவதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம் என்றாலும், குளிர்காலத் தயாரிப்பு அப்போதிலிருந்து வழக்கமாகிப்போனது.

குளிர்காலத்தில் மட்டும் வேலை என்றால் ஆட்கள் யார்? வடக்கே மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பா பகுதி விவசாயிகள். இலையுதிர்காலத்தில் அறுவடையை முடித்துவிட்டு வருவார்கள். வசந்தத்தில் நாற்றுப் போடத் திரும்பிவிடுவார்கள். நூறு நாள் சம்பாத்தியம் என்று அதற்குப் பெயர். அவர்களின் தலைவருக்குத் தோஜி என்று பெயர். ஆலை முதலாளியே தோஜியின் வேலையில் தலையிட மாட்டார்.

அரிசியைத் தேய்த்தே தீர வேண்டும்

முதல் பொம்மைகள் அரிசியோடு இருக்கும். அரிசியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் அதிகம். சோற்றுக்கு அவை ருசி, சாக்கேக்கு அவை கெடுதல். அதனால் தேய்த்து எடுத்துவிடுவார்கள். பழைய காலத்தில் மற்ற ஊர்களில் காலால் மிதித்துக் குத்தினார்கள். நடாவில் ரொக்கோ மலையிலிருந்து வேகமாக இறங்கும் ஓடைகள் இருந்ததால் தண்ணீர்ச் சக்கரம் வைத்துக் குத்தினார்கள். கால் களைக்கும், சக்கரம் களைக்காது. நடா மற்ற ஊர்களை முந்தியதற்கு இது ஒரு காரணம்.

இன்று புட்டியில் ஒரு சதவீதம் அச்சிட்டிருக்கும். தேய்த்த பிறகு மிஞ்சிய அரிசியின் அளவு அது. தேய்த்து எடுத்த அளவு என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 60 சதவீதமோ அதற்குக் கீழோ மிஞ்சினால் கின்ஜோ என்ற ரகம், 50ஓ அதற்குக் கீழோ வந்தால் தாய்கின்ஜோ. பாதி அரிசியைத் தேய்த்தே தீர்த்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். காட்சிக்கு வைத்திருக்கும் தாய்கின்ஜோ அரிசியைப் பார்த்தால் ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக இருக்கும். இதற்கென்றே வளர்க்கும் நெல் வகைகளில் பேர்போனது யமதா நிஷிகி. இதே ஹியோகோவில் 1923இல் ஒட்டுச்சேர்த்து, 1936இல் பெயர் வைத்தது. மணி பெரியது, நடுவில் வெள்ளையாக ஒரு மாவுப்பொட்டு தெரியும். பூஞ்சை வேர்விட்டு உள்ளே போக அது வசதியான இடம்.

கழுவி, ஊறவைத்து, ஆவியில் வேகவைப்பார்கள். சோறாக வடித்தால் ஈரம் மிஞ்சிக் குழைந்துவிடும்; வெளியே விறைப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருந்தால்தான் பூஞ்சை ஈரத்தைத் தேடி உள்ளே வேர்விடும். அதற்கு ஊறும் நேரமே சரியாக இருக்க வேண்டும். மெல்லிசாகத் தேய்த்த அரிசிக்கு விநாடிக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெந்ததும் தோஜி ஒரு பிடி சூடாக எடுத்து உள்ளங்கையில் பிசைந்து தட்டையாக்கிப் பார்ப்பார். அந்த ஒரு வில்லையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

பூட்டிய அறை

ஆலையிலேயே முக்கியமான இடம் கோஜி அறை. பார்வையாளர்களை உள்ளே விடுவது அபூர்வம். மரப்பலகை அடித்த, சன்னல் இல்லாத வெதுவெதுப்பான அறை. வெளியே பனிக்காற்று, உள்ளே 30 டிகிரிக்கு மேல், ஆட்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்வார்கள். மொத்த அரிசியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த அறைக்குள் வரும். மேசையில் பரப்பி, மேலிருந்து பூஞ்சை விதையைச் சலித்துத் தூவுவார்கள். பச்சைத்தூள் புகை போல இறங்கி உட்காரும். அப்புறம் இரண்டு நாள். பூஞ்சை வளர வளரத் தானே சூடாகும். இரவிலும் எழுந்து வந்து கிளறி, பிரித்து, பெட்டிகளை மாற்றி அடுக்க வேண்டும். முடிவில் அரிசி மேல் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருக்கும், வறுத்த கொட்டை மாதிரி ஒரு வாசனையோடு. வாயில் போட்டு மென்றால் இனிக்கும். கேள்விக்குப் பாதிப் பதில் அதில் கிடைத்துவிடுகிறது.

சாக்கேக்காரர்களிடம் ஒரு சொலவடை உண்டு: ஒன்று கோஜி, இரண்டு தாய்க்கலவை, மூன்றுதான் தயாரிப்பு.

நேரடித் தயாரிப்பைக் காட்டும் ஆலைக்குப் போவதென்றால் காலையில் நத்தோ சாப்பிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். புளித்த சோயாப் பருப்பு அது. அதிலிருக்கும் பாக்டீரியா முரட்டுத்தனமானது, உடையில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் கோஜியில் குடியேறிவிடும். வாசனைத் திரவியமும் வேண்டாம் என்பார்கள். அது ருசி பார்க்கும் மூக்குகளுக்காக.

ஒரே தொட்டியில் இரண்டு வேலை

இப்போது மாடிக்குப் போனால் அகலமான ஆழமில்லாத மரத்தொட்டிகளைச் சுற்றிப் பொம்மைகள் துடுப்போடு நிற்கும். ஈஸ்டைப் பெருக்கும் முதல் கலவையான தாய்க்கலவை தயாராகும் இடம். கோஜி, வெந்த அரிசி, தண்ணீர் மூன்றையும் சேர்த்துக் குளிரில், நடுராத்திரியிலும் துடுப்பால் இடித்து மசிப்பார்கள். அதில் முதலில் புளிப்பு ஏறும். புளிப்பு ஏறினால் கெட்ட கிருமிகள் அண்டாது. அப்புறம் ஈஸ்ட் நிம்மதியாகப் பெருகும். கிமோதோ என்ற இந்தப் பழைய முறைக்கு ஒரு மாதம் ஆகும். ஆயத்தமாக வாங்கிய புளிப்பமிலத்தைச் சேர்த்து அதில் பாதிக் காலத்திலேயே முடிக்கும் முறை 1910 வாக்கில் வந்தது. பெரும்பாலான ஆலைகள் அதற்கு மாறிவிட்டன. பக்கத்திலேயே 1659இல் தொடங்கிய கிகுமசமுனே ஆலை கிமோதோவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் இடிக்கும்போது பாடுவார்கள். களைப்புத் தெரியாமலிருக்க மட்டுமா? கடிகாரம் இல்லாத இடத்தில் பாட்டுதான் கடிகாரம். இத்தனை அடி பாடி முடித்தால் இத்தனை நேரம் என்று கணக்கு. சில அருங்காட்சியகங்களில் பதிவுசெய்து ஒலிக்கவிடுகிறார்கள். மெதுவான, இழுத்துப் பாடும் பாட்டு.

பிறகு பெரிய தொட்டி. தாய்க்கலவையை ஊற்றி, அரிசி, கோஜி, தண்ணீர் மூன்றையும் ஒரேயடியாகக் கொட்டாமல் நான்கு நாளில் மூன்று தவணையாகச் சேர்ப்பார்கள். இரண்டாம் நாள் ஒன்றும் சேர்க்க மாட்டார்கள். ஈஸ்ட் பெருகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த நாளுக்கு 'ஆட்டம்' என்று பெயர்.

இங்கேதான் சாக்கேயின் தனித்தன்மை. பீரில் முதலில் சர்க்கரை முழுவதும் உண்டாகும். அப்புறம் ஈஸ்ட் வரும். சாக்கேயில் ஒரே தொட்டிக்குள் ஒரே நேரத்தில் கோஜி சர்க்கரையைச் சிறுகச் சிறுக உண்டாக்கிக்கொண்டே இருக்கும், ஈஸ்ட் அதை அப்போதைக்கப்போதே தின்றுகொண்டே இருக்கும். சர்க்கரை ஒரே நேரத்தில் குவிந்தால் ஈஸ்ட் திணறும். இப்படிப் பிள்ளைக்குச் சோறூட்டுவது போல வாய்வாயாகக் கிடைத்தால் மூன்று நான்கு வாரம் சளைக்காமல் வேலை செய்யும். அதனால்தான் காய்ச்சி வடிக்காமலே சாக்கே 20 சதவீத ஆல்கஹால் வரை போகிறது. ஒயின் பெரும்பாலும் 12, 13இல் நின்றுவிடும். கடைக்கு வரும் சாக்கேயில் தண்ணீர் சேர்த்து 15, 16க்குக் குறைத்திருப்பார்கள்.

மேற்பரப்பில் நுரை பொங்கி, தடித்து, ஒருநாள் அடங்கும். ஓடுகிற ஆலையில் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க அனுமதி தந்தாலும் தலையை உள்ளே நுழைக்காதீர்கள். மேலே தேங்கி நிற்பது கரியமில வாயு. தவறி விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த விபத்துகள் இந்தத் தொழிலில் நடந்திருக்கின்றன.

புளித்து முடிந்ததைத் துணிப்பைகளில் நிரப்பி, நீளமான ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, மேலே கனம் ஏற்றிப் பிழிவார்கள். பெட்டிக்குப் பெயர் 'படகு'. பைகள் கிழியாமலிருக்கப் பழுக்காத சீமைப்பனிச்சைச் சாற்றில் தோய்த்தவை. காலமாகிக் கறுத்துத் தோல் மாதிரி இருக்கும். பிழிந்ததை 60, 65 டிகிரிக்குச் சூடாக்கினால் கெடாது. இந்த முறை நாராவில் ஒரு மடத்தின் 16ஆம் நூற்றாண்டு நாட்குறிப்பிலேயே இருக்கிறது. இப்படிச் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறைக்குப் பெயர் தந்த பாஸ்டர் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுக்கு மேல் முன்பு.

ஒரு கிணற்றின் கதை

நடாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீரில்தான் வந்து நிற்பார்கள். யமமுரா தாசாயெமோன் என்ற ஆலைக்காரருக்கு இரண்டு இடத்தில் ஆலை இருந்தது: ஒன்று உவோசாக்கியில், இன்னொன்று நிஷினோமியாவில். நிஷினோமியா சாக்கே எப்போதும் ஒரு படி மேலாக இருந்தது. ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு ஆலைக்கும் ஒரே அரிசியைக் கொடுத்துப் பார்த்தார். தோஜியை மாற்றிப் பார்த்தார். நிஷினோமியாவே ஜெயித்தது. கடைசியாக 1840இல் நிஷினோமியாக் கிணற்றுத் தண்ணீரையே உவோசாக்கிக்குக் கொண்டுவந்து சாக்கே தயாரித்தார். அது அங்கே இருந்ததைப் போலவே வந்தது! மற்றதையெல்லாம் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ஆய்வுக்கூடத்தில் செய்கிற வேலையை ஒரு வியாபாரி தன் கைக்காசில் செய்திருக்கிறார்.

செய்தி பரவியதும் மற்ற ஆலைகளும் அந்தத் தண்ணீரைத் தேடி வந்தன. தண்ணீரை விற்பதே ஒரு தொழிலானது. மியாமிசு என்று பெயர்பெற்ற அந்தத் தண்ணீர், ஜப்பானின் மற்றத் தண்ணீரோடு பார்த்தால் கடினநீர். ஈஸ்டுக்கும் கோஜிக்கும் வேண்டிய பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதில் தாராளம். சாக்கேயின் நிறத்தையும் ருசியையும் கெடுக்கும் இரும்பு மிகக் குறைவு. கிளர்ச்சியாகப் புளித்து, இனிப்பு குறைந்து, கறாரான சாக்கே வரும். கியோட்டோவின் ஃபுஷிமியில் தண்ணீர் மென்மையானது. அங்கே சாக்கேயும் மென்மை. 'நடா ஆண் சாக்கே, ஃபுஷிமி பெண் சாக்கே' என்பார்கள். இந்தக் காலத்துக்கு அந்த உவமை ஒட்டவில்லை, ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். 1637இல் தொடங்கிய கெக்கெய்கான் ஆலையின் அருங்காட்சியகம் ஃபுஷிமியில் இருக்கிறது. ஒசாகாவில் தங்கினால் இரண்டு ஊரையும் இரண்டு நாளில் பார்த்துவிடலாம்.

நடாவுக்குக் கடலும் உதவியது. எதோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, பீப்பாய் ஏற்றவென்றே தனிக் கப்பல்கள் ஓடின. மரப்பீப்பாயில் ஆடி அசைந்து போய்ச் சேர்வதற்குள் மரவாசனை இறங்கிவிடும். எதோக்காரர்கள் அந்த வாசனைக்கே அடிமையானார்கள்.

1995 ஜனவரி 17 விடியற்காலை வந்த நிலநடுக்கத்தில் நடாவின் பழைய மர ஆலைகள் பல சரிந்தன. கிகுமசமுனேயின் அருங்காட்சியகக் கட்டடமும் விழுந்தது. ஆனால் அதன் பழைய கருவிகள் இடிபாட்டுக்கு அடியில் தப்பியிருந்தன. ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துச் சுத்தம்செய்து, 1999இல் புதுக் கட்டடத்தில் வைத்தார்கள். 1717இல் தொடங்கிய சவனோட்சுருவிலும் கட்டடம் போனது. திரும்பக் கட்டுமுன் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்கு அடியில் பழைய பிழியும் கூடம் ஒன்று வெளிப்பட்டது. இப்போது அதையும் பார்க்கலாம். அங்கே நிற்கும் துடுப்பில் விரிசலோ தழும்போ கண்ணில் பட்டால், அது வயதின் தழும்பா, அந்த விடியற்காலையின் தழும்பா என்று யோசிக்கத் தோன்றும்.

கிண்ணம்

கடைசியில் அந்தக் குட்டிக் கிண்ணம். வெள்ளைப் பீங்கான், அடியில் நீல நிறத்தில் இரண்டு வளையம். அழகுக்காகப் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைப் பகுதியில் சாக்கேயின் நிறம் தெரியும். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா, கலங்கித் தெரிகிறதா என்பதில் தெளிவு தெரியும். 'பாம்புக்கண்' என்று அந்த வளையத்துக்குப் பெயர். முதலில் பாருங்கள், அப்புறம் முகருங்கள், அப்புறம் கொஞ்சம் வாயில் வையுங்கள்.

'ஜுன்மாய்' என்று எழுதியிருந்தால் அரிசி, கோஜி, தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கவில்லை என்று பொருள். போர்க்காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்து, தனியாக ஆல்கஹால் சேர்த்துப் பெருக்கும் பழக்கம் பரவியதால்தான் இப்படித் தனியாக எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. இன்று நல்ல ஆலைகள் மணத்தை எடுத்துக்காட்டவும் சிறிதளவு சேர்க்கின்றன. அதனால் ஜுன்மாய் இல்லாதது எல்லாம் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 'நாமா' என்றிருந்தால் சூடாக்காதது, குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும். நீண்ட பயணத்துக்கு வாங்காதீர்கள்.

வண்டி ஓட்டி வந்தவருக்கு ஒரு சொட்டும் தர மாட்டார்கள். இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும்.

குடிக்காதவர்கள் என்ன செய்வது? கடையில் அமசாக்கே இருக்கிறதா என்று கேளுங்கள். பிழிந்த சக்கையைக் கரைத்துச் செய்வதும் ஒன்று உண்டு, அதில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும். கோஜியில் செய்ததுதான் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். கோஜியையும் சோற்றையும் கலந்து 55, 60 டிகிரியில் ஓர் இரவு வைத்தது. ஈஸ்ட் இன்னும் வரவில்லை. சர்க்கரை ஒரு துளிகூடப் போடவில்லை. வெள்ளையாக, கஞ்சி மாதிரி, சோறு அங்கங்கே நாவில் தட்டும். ஒரு வாய் குடித்தால் பாயசம் அளவுக்கு இனிக்கும்.